காளான் அக்காவின் பக்கம் காணாமல் போன கதை

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை. ஆயுத பூஜை விடுமுறைக்காகக் காலை ஆறு மணியிலிருந்தே வண்டிகள் கொடைக்கானல் மலையேறிக்கொண்டிருந்தன. பழனி ரோடு வந்து சேருகிற பெருமாள்மலை முக்கில் அடிக்கிற ஹாரன் எங்கள் வீட்டு அடுக்களை வரை கேட்டது. பதினெட்டு கிலோ சிப்பிக் காளான் பறித்து, கால் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டி வைத்திருந்தேன். யாருக்கு எத்தனை பாக்கெட் என்று பார்க்கப் போனைத் திறந்தால் என் இணையப் பக்கத்தைக் காணோம். கணக்குக்குள்ளேயே போக முடியவில்லை. விதிமுறைகளை மீறியதால் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, மறுபரிசீலனை கேட்க ஒரு பொத்தான்.

அமுக்கினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. பரிசீலித்தார்களாம், முடிவில் மாற்றம் இல்லையாம். எனக்கு நாலு பாக்கெட்டை ஒழுங்காகக் கட்டி ஒட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

எந்தத் தளம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. உங்கள் போனிலும் இருப்பதுதான். ஐந்து வருடம் அதில்தான் என் வியாபாரம் நடந்தது. அங்கிருந்து என்னை வெளியே தள்ளியபோது முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் நடந்தவற்றில் என் பங்கும் கொஞ்சம் இருந்தது தெரியவந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் காளானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடில். வைக்கோல் கீழே வத்தலக்குண்டிலிருந்து வருகிறது, மேலே நெல் ஏது? அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து ஆறவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் சொட்டு விழக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு பிடி வித்து, மறுபடி வைக்கோல் என்று உருளையாகக் கட்டித் தொங்கவிடுவோம். கீழே சமவெளியில் பதினைந்து இருபது நாளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். எங்கள் குளிருக்கு ஒரு மாதம்கூட இழுக்கும். வித்து என்பது வேகவைத்த சோளத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும் பூஞ்சை. சின்னச் சின்னக் கண்ணாடிப் பைகளில் வரும். தெரியாதவர் பார்த்தால் வேறு எதையோ பொட்டலம் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த வேலையை 2018-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்து ஆரம்பித்தேன். பக்கத்தையும் அதே வருடம் திறந்தேன். படுக்கை கட்டுவது எப்படி, ஈ வந்தால் என்ன செய்வது, காளான் ரசம் வைப்பது எப்படி என்று வீடியோ போடுவேன். ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "காளான் அக்கா" என்றால் வில்பட்டியிலும் தெரியும், பண்ணைக்காட்டிலும் தெரியும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆர்டர் எல்லாம் பக்கத்தின் உள்பெட்டியில் இருந்தது. ஒருவருடைய போன் நம்பரும் என்னிடம் தனியாக இல்லை. ஞாபகத்தில் இருந்த இரண்டு ஹோட்டலுக்கு நானே தூக்கிக்கொண்டு போய் ஆறு கிலோ கொடுத்தேன். மீதிப் பன்னிரண்டு கிலோவை என்ன செய்ய? சிப்பிக் காளான் வெளியே ஒரு நாளுக்கு மேல் தாங்காது. காயவைக்கலாம் என்றால் அக்டோபரில் இங்கே பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். கடைசியில் மூன்று சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி, தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பரப்பினேன். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காய்ந்த காளான் தேறியது. தங்கச்சி வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மதினி, கருவாடு நாத்தம் அடிக்குது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இதற்கு முன்னாலேயே இரண்டு எச்சரிக்கை வந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. செப்டம்பரில் ஒரு வீடியோவை நீக்கினார்கள். அதில் நான் சொன்னதே காட்டுக் காளானைத் தொடாதீர்கள் என்பதுதான். மழை விட்டதும் பைன் காட்டிலும் புல்வெளியிலும் விதவிதமாக முளைக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று பறிப்பார்கள். சில விஷக் காளான்கள் சாப்பிட்டதும் ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மறுநாள் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், அதற்குள் கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். இதைத்தான் ஒரு காளானைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். "தடைசெய்யப்பட்ட பொருள்" என்று எடுத்துவிட்டார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் வித்துப் பை வீடியோவும் போனது. இரண்டுக்கும் காரணமாக வந்தது அதே இரண்டு சொல்தான். ஏதோ இயந்திரக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அது நான் செய்த முதல் தப்பு.

அண்ணன் மகன் மதுரையில் கணினி படிக்கிறான். தீபாவளிக்கு வந்தவன் கூகுளில் தேங்கியிருந்த என் பழைய பதிவுகளின் நகல்களைத் தோண்டிப் பார்த்தான். அரை மணி நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தான்.

"அத்தை, இதுக்கு நீங்க என்ன பதில் போட்டிருக்கீங்கன்னு பாருங்க."

ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "அக்கா, அந்தக் காளான் கிடைக்குமா?" கண்ணடிக்கிற பொம்மை ஒன்று பக்கத்தில். நான் பதில் போட்டிருக்கிறேன்: "கிடைக்கும் தம்பி, எவ்வளவு வேணும்? கூரியர் உண்டு."

இப்படி ஒன்றில்லை, பதினோரு இடத்தில் இருந்தது. வீடியோத் தலைப்பு வேறு "கொடைக்கானல் காளான் விற்பனைக்கு". போதைக் காளானுக்குக் கொடைக்கானல் பெயர் கெட்டுக் கிடப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதில் இருக்கும் சைலோசைபின் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதும் தெரியும். ஆனால் "அந்த" என்று ஒருவன் சொன்னால் அது எதைக் குறிக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. என் மனசில் காளான் என்றால் ரசம், பிரியாணி, மிளகு வறுவல். எதிரே இருந்தது இயந்திரமோ ஆளோ, அது கண்டது கொடைக்கானல் காளான், சின்னப் பொட்டலத்தில் வெள்ளையாக ஏதோ, கூரியர், கண்ணடிப்பு. உண்மையைச் சொன்னால், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் சந்தேகப்பட்டுத்தான் இருப்பேன்.

என் கோபம் குறையவில்லை, இடம் மாறியது. இந்தப் பதினோரு பதில்தான் சிக்கல் என்று செப்டம்பரிலேயே யாராவது சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் அழித்திருப்பேன், தலைப்பையும் மாற்றியிருப்பேன். அவர்களும் நிம்மதி, நானும் நிம்மதி. எதற்கு என்று சொல்லாததால் எச்சரிக்கை வீடியோதான் குற்றம் என்று நினைத்து, காட்டுக் காளான் பற்றிப் பேசுவதையே நிறுத்தினேன். ஜனங்களுக்குப் பயன்பட்ட பேச்சு நின்றது. தப்பாகப் படிக்க இடம் கொடுத்த பதில்கள் அப்படியே கிடந்தன.

இன்னொன்றும் உண்டு. அதே தளத்தில் நிஜமாகவே போதைக் காளான் விற்கிற கணக்குகளை நான் மூன்று முறை ரிப்போர்ட் செய்திருக்கிறேன். படம், விலை, "ரூமுக்கே வரும்" என்று எல்லாம் ஆங்கிலத்தில், தேன் பாட்டில் பொம்மையோடு. மூன்றுக்கும் வந்த பதில், விதிமீறல் எதுவும் இல்லை. அப்படி விற்கிறவன் காளான் என்ற சொல்லையே எழுதவில்லை. எங்கே எப்படி எழுதினால் மாட்டமாட்டோம் என்று தொழில் செய்கிறவனுக்குத் தெரிகிறது. ஒளித்துப் பேசத் தெரியாதவர்தான் மாட்டுகிறார்.

சரி, அப்படியென்றால் தனியார் தளங்கள் எதையும் நீக்கவே கூடாது என்கிறாயா என்று கேட்டால், மாட்டேன். ஏனென்றால் நானும் நீக்குகிறவள்தான்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஒரு இணையக் குழு இருக்கிறது. எட்டாயிரம் பேர். நிர்வாகிகள் மூன்று பேரில் நான் ஒருத்தி. டம்டம் பாறையில் மரம் விழுந்ததா, அடுக்கம் ரோடு திறந்திருக்கிறதா, சிலிண்டர் வண்டி எப்போது வரும், யார் வீட்டு நாய் காணோம் என்று ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து மரமும் மின்கம்பமும் சாய்ந்து மலையே இருட்டில் கிடந்தபோது, எந்தப் பாதையில் பால் வண்டி வரும் என்று அதில் கேட்டுத்தான் பல வீடுகள் பிழைத்தன. அதே குழுவில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒருவர் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, பிள்ளை பிடிக்கிறவள், நம்ம ஏரியாவில் சுற்றுகிறாள், பார்த்தால் விடாதீர்கள் என்று எழுதினார். போர்வை விற்க வந்த வடநாட்டுப் பெண் போல இருந்தது. ஏழு நிமிடத்தில் நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன குடும்பம். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த அறுபத்தைந்து வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் அதற்கு முன்னால் ஊர் ஊராகப் பயத்தை விதைத்திருந்தது. அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது.

நான் அந்தப் பதிவை நீக்கினேன். யாரையும் கேட்கவில்லை. உண்மையா பொய்யா என்று விசாரித்துவிட்டு நீக்கவும் இல்லை. முதலில் நீக்கினேன், அப்புறம்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். போட்டவர் மறுநாள் கடை முன்னால் வந்து நின்று கத்தினார். "கருத்துச் சுதந்திரம் இல்லையா? உன் அப்பன் வீட்டுச் சொத்தா அது?" என்றார். அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்த ராத்திரி நீக்கும் அதிகாரம் என் கையில் இல்லாமல், கோர்ட்டு உத்தரவு வந்தால்தான் நீக்கலாம் என்று சட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்கு இஷ்டமில்லை.

அதனால் தளங்களுக்கு நீக்கும் சுதந்திரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வத்தலக்குண்டு வக்கீல் ஒருவரிடம் என் விஷயத்தைக் கொண்டுபோனபோது அவரும் அதையே சொன்னார். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தருகிற பேச்சுரிமை அடிப்படையில் அரசாங்கம் நம் வாயை மூடாமல் தடுப்பதற்கு. தனியார் கம்பெனி தன் இடத்திலிருந்து ஒன்றை எடுத்தால் அந்தப் பிரிவை நேராகக் காட்டுவது கஷ்டம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது. "ஆனா, அதை வச்சு ஒரு காளான் பக்கத்தை மீட்க ஹைகோர்ட்டு வரைக்கும் போகப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். காளான் விற்ற காசு பஸ் சார்ஜுக்கே சரியாகப் போய்விடும்.

அமெரிக்காவில் இதே சண்டை பெரிய அளவில் நடந்தது. பெரிய தளங்கள் தம் இஷ்டத்துக்கு நீக்கக் கூடாது என்று டெக்சாஸும் புளோரிடாவும் 2021-இல் சட்டம் போட்டன. 2024 ஜூலை 1 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளையும் சரியாக ஆராயும்படி கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் தளம் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது பத்திரிகை ஆசிரியர் செய்யும் தேர்வு மாதிரிதான், அதுவும் பேச்சுரிமைக்குள் வரும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. எனக்கு அந்த உவமை பாதிதான் பொருந்துகிறது. பத்திரிகைக்கு நான் அனுப்பிய கடிதத்தைப் போடாவிட்டால் நகல் என் அலமாரியில் இருக்கும். என் வாடிக்கையாளர் பெயரையெல்லாம் ஆசிரியர் தூக்கிக்கொண்டு போகமாட்டார்.

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையை வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. அழுகிய கேரட்டை அடியில் வைத்து மேலே நல்லதை அடுக்கி விற்கிறவரைச் சந்தைக் குத்தகைக்காரர் எழுப்பி விடலாம். அது அவர் உரிமை, மற்ற கடைக்காரருக்கும் அதுதான் நல்லது. ஆனால் எந்தக் கேரட் அழுகல் என்று காட்டுவார். கூடையையும் தராசையும் எடுத்துப்போக விடுவார். அடுத்த வாரம் நல்ல சரக்கோடு வந்தால் உட்காரவும் விடுவார். என்னை எழுப்பியவர்கள் கூடையோடு பிடுங்கிக்கொண்டார்கள்.

நம் நாட்டு விதியிலேயே இந்தக் குத்தகைக்காரர் நியாயம் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். ஐம்பது லட்சம் பயனாளர்களுக்கு மேல் வைத்திருக்கும் தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்னாலேயே என்ன செய்கிறோம், எதற்கு என்று பயனாளருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுத்துச் சொல்லப் போதுமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது விதி 4(8). ஐரோப்பாவிலும் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீக்கினால் தெளிவான, குறிப்பான காரணம் எழுதித் தர வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. "தடைசெய்யப்பட்ட பொருள்" என்ற இரண்டு சொல் குறிப்பான காரணமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இந்த விதிகளைப் பாராட்டும்போது வக்கீல் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பயனாளர் போட்டதற்குத் தளம் பொறுப்பில்லை என்று காக்கிறது. ஆனால் கோர்ட்டு உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தபின் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66-ஏ பிரிவை 2015-இல் ரத்து செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வரையறுத்தது. யாரோ ஒருவர் புகார் செய்தாரே என்பதற்காகத் தளம் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் கம்பெனி பயத்தில் தேவைக்கு மேலேயே நீக்கும். என்னை மாதிரி ஒரு பக்கம் போனால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, போகவேண்டியது ஒன்று தங்கிவிட்டால்தான் வம்பு. இந்தக் கணக்கு புரிந்தபின் நாலு நிமிடப் பதில் ஆச்சரியமாகத் தெரியவில்லை.

பக்கத்தை எப்படி மீட்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது யாருக்காவது உதவும்.

பொத்தானில் முறையிடுவது ஒரு படி, அதோடு நிற்கக் கூடாது. தளத்தில் எங்கேயோ அடியில் இந்தியாவுக்கான குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். விதிப்படி இருந்தே ஆக வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது நான் எழுதியபோது இருந்த கெடு. விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், அனுப்பும்போது இருக்கும் கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் கடிதம் இரண்டு பக்கப் புலம்பல். பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எழுதியிருந்தேன். அண்ணன் மகன் அதைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, எட்டு வரியில் எழுத வைத்தான். எந்தத் தேதியில் எது நீக்கப்பட்டது, தந்த காரணம் என்ன, அது ஏன் தப்பு, விதி 4(8)-இன்படி முன்னறிவிப்பு வரவில்லை, எனக்கு என்ன வேண்டும். இணைப்பாகப் பயிற்சிச் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, குடிலின் படம். அந்தப் பதினோரு பதிலையும் நானே குறிப்பிட்டு, சமையல் காளானைத்தான் சொன்னேன், இவற்றை நீக்கச் சம்மதம் என்றும் எழுதினேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. கெடு முடிகிற சமயத்தில், முடிவில் மாற்றம் இல்லை என்று பழைய பல்லவியே வந்தது. அந்தப் பதில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2022 அக்டோபர் திருத்தத்தில் வந்தது இது. 2023 மார்ச்சிலிருந்து இணையத்திலேயே மனு வாங்குகிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. குழுவும் 30 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் சேர்த்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டுகள் அங்கேதான் கைகொடுத்தன. கணக்கு முடங்கியபின் எதையும் எடுக்க முடியாது. அந்த முதல் நாள் காலையில் கோபத்தில் நான் எடுத்து வைத்த இரண்டு படமும், தங்கச்சிக்குப் புலம்பலோடு அனுப்பிய மூன்றும்தான் மொத்த ஆதாரம். ஒரு பதிவை நீக்கியதும் முதலில் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் திட்டலாம்.

டிசம்பர் 14 அன்று, குழு உத்தரவு போடுவதற்கு முன்பே, தளம் தானாகக் கணக்கைத் திறந்துவிட்டது. கேள்வி வந்ததும் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. 54 நாள். எச்சரிக்கை வீடியோ திரும்ப வந்தது. வித்துப் பை வீடியோ வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஒன்பதாயிரத்தில் பாதிப் பேருக்கு என் பதிவு இப்போது போய்ச் சேருவதே இல்லை.

அதிகம் வலித்தது வேறு. 2020-இல் அப்பா தாண்டிக்குடித் தோட்டத்தில் உட்கார்ந்து மலை வாழையைப் பற்றிப் பேசினார். விருப்பாச்சி ரகம் ஒரு காலத்தில் காப்பிச் செடிக்கு நிழலாக எப்படி நின்றது, முடிக்கொத்து நோய் வந்து இலை குருத்திலேயே குஞ்சம் மாதிரிக் கூம்பி எப்படித் தோட்டம் தோட்டமாகப் போனது என்று முக்கால் மணி நேரம். நேரலையாகப் போட்டேன். நேரலை போனில் தங்காது, தளத்தில் மட்டும்தான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2022-இல் அப்பா போய்விட்டார். கணக்கு திரும்பி வந்தபோது பழைய நேரலைகள் எதுவும் வரவில்லை. கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போளூரில் நடந்தது போல ஒன்றைத் தடுக்க ஒரு பதிவை எடுப்பதற்கும், ஒருவருடைய ஐந்து வருடத்தை மொத்தமாக அள்ளிப் போடுவதற்கும் ஒரே பொத்தானா என்பதுதான் என் கேள்வி. பதிவை எடுக்கட்டும். ஆளையே எடுப்பதென்றால், அவர் பொருளை எடுத்துக்கொள்ள ஒரு மாதமாவது கதவைத் திறந்து வைக்கட்டும்.

பண்ணைக்காட்டில் இருக்கிற சித்தி மகள் அன்று அந்த நேரலையைத் தன் போனில் நாற்பது விநாடி பதிவு செய்து வைத்திருந்தாள். அது மட்டும் கிடைத்தது. அப்பா குருத்தைக் கையால் பிரித்துக் காட்டுகிறார். பின்னால் நான், "அப்பா, காப்பி ஆறிப்போகுது" என்று கத்துகிறேன். பேச்சு அங்கே அறுந்துவிடுகிறது.

இப்போது எல்லா வீடியோவையும் முதலில் போனில் எடுத்து, ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறேன். பெரும்பாலான தளங்களில் உங்கள் தகவல் முழுவதையும் தரவிறக்கம் செய்ய ஒரு வசதி இருக்கிறது. மாதத்தில் முதல் ஞாயிறு சந்தைக்குப் போகும் முன் அதை ஓடவிட்டுப் போவேன், திரும்பி வரும்போது முடிந்திருக்கும். ஆர்டர் கொடுப்பவர் நம்பரை நோட்டில் எழுதுகிறேன். நூற்று எண்பது ரூபாய் நோட்டு, மழையில் நனைந்தால்கூடக் காயவைத்துக்கொள்ளலாம்.

ஊர்க் குழுவிலும் ஒரு மாற்றம் செய்தோம். எதை நீக்கினாலும் போட்டவருக்குத் தனியாக இரண்டு வரி: எது, எதற்கு, திருத்தினால் திரும்பப் போடலாமா. அவசரம் என்றால் முதலில் நீக்கிவிட்டு அரை மணிக்குள் எழுதுவோம். இது சும்மா இல்லை. சில நாள் நாலைந்து பேரிடம் வாதம் செய்தே அடுப்பில் பால் பொங்கிவிடும். எட்டாயிரம் பேருக்கே இப்படி என்றால் கோடிக்கணக்கான பேருக்கு எப்படி என்று தளங்கள் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களிடம் சம்பளம் வாங்காத மூன்று பேர்தான் இருக்கிறோம், அவர்களிடம் இல்லாத பணமா? கருத்துச் சுதந்திரம் என்று கத்தியவருக்கும் பழைய விஷயத்தை எழுதி அனுப்பினேன். படித்தார். இன்னும் கடைக்கு வரவில்லை.

வீடியோத் தலைப்புகளை எல்லாம் மாற்றிவிட்டேன். "சிப்பிக் காளான், சமையலுக்கு". போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "அக்கா, அந்தக் காளான் இருக்கா?" பக்கத்தில் அதே கண்ணடிப்பு.

"அந்தக் காளான் கிடையாது தம்பி. இது ரசம் வைக்கிற காளான். கால் கிலோ ஐம்பது ரூபாய்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, தேதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.